"நான் குடிக்கல ஹஜ்ரத், கூட உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்!"

 

முதல் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டு ஜும்ஆவுக்கு வர முடியாமல், பிறகு ஃபோனில் இந்த பயானைப் படிக்கும் தம்பிகளே! வீட்டிலிருந்து படிக்கும் தாய்மார்களே!

சில நாட்களுக்கு முன்பு இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தம்பி மட்டும் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. தென்மாவட்டத்திலிருந்து வந்து, இங்கே நான்கு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். அவர் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க லைன்ல மாசம் ஒரு தடவை ட்ரீட் நடக்கும். எல்லாரும் குடிப்பாங்க. நான் ஒரு சொட்டு கூட தொட்டதில்ல. கூல்டிரிங்ஸ் வச்சுக்கிட்டு கூட உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். இதுல தப்பு இருக்கா?"

"மது ஹராமா?" என்று அவர் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியும். மது ஹராம் என்பது இந்த மஜ்லிஸில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தான் குடிக்காமல் இருந்தால் மட்டும் போதுமா என்பதுதான் அவர் கேள்வி. இன்றைய பயான் அந்தத் தம்பிக்காக. ஆனால் பயானின் கடைசிப் பகுதி நமக்காக, குறிப்பாக எனக்காக.

நம் பகுதியின் நிலை

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, அங்கிருந்து ஒரகடம், வல்லம் வரை நம் பகுதி எப்படி மாறிவிட்டது என்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா, அஸ்ஸாமிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வேலை கடினம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வீட்டில் வாப்பா இல்லை, உம்மா இல்லை, கேட்க ஆள் இல்லை. கையில் முதன்முதலாகச் சம்பளம். போனஸ் வந்தால் ட்ரீட், ஒருவர் நிரந்தரமானால் ட்ரீட், வேலையை விட்டுப் போனாலும் ட்ரீட், வண்டி வாங்கினால் ட்ரீட். ட்ரீட் என்றால் சாப்பாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாப்பாடு அங்கே சைட் டிஷ்.

இன்னொன்றையும் நாம் யோசிக்க வேண்டும். 1937-ல் ராஜாஜி முதன்முதலாக சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1971-ல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. பிறகு மூடினார்கள், திறந்தார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசின் டாஸ்மாக் நிறுவனம் எடுத்துக்கொண்டது. 2003-ல் பிறந்த குழந்தைக்கு இன்று இருபது வயது தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து பார்த்தது என்ன? தெருவில் ரேஷன் கடை போல, அரசாங்கப் பலகை வைத்த ஒரு கடை. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. 2023-24-ல் மட்டும் அதன் மூலம் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இப்படி வளர்ந்த தலைமுறையிடம் "இது அசிங்கமான பழக்கம்" என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் புரியவே புரியாது. அவர்களுக்கு அது சாதாரணம். அதனால் நாம் திட்டுவதை விட விளக்குவது அவசியமாகிறது.

"பீர் தானே!"

அந்தத் தம்பியின் நண்பர்கள் அவரிடம் சொல்வார்களாம்: "பிராந்தி வேண்டாம்டா, பீர் குடி. அது சரக்கே இல்ல. வாற்கோதுமைத் தண்ணி."

இந்தக் கேள்வி புதியது இல்லை சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்களை யமன் நாட்டுக்கு அனுப்பியபோது, அபூமூஸா (ரலி) அங்கே மக்கள் விரும்பிக் குடிக்கும் பானங்களைப் பற்றிப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஒன்று தேனில் செய்யும் 'பித்உ'. இன்னொன்று 'மிஸ்ர்'. அது எதில் செய்வது? வாற்கோதுமையில்! அதாவது இன்றைய பீரின் மூலப்பொருள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லாமல், போதை தரும் எதுவும் ஹராம் என்று ஒரே வார்த்தையில் பெருமானார் (ஸல்) முடித்துவிட்டார்கள். புகாரியில் பதிவான செய்தி இது.

உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மிம்பரில் நின்று விளக்கினார்கள். மது தடை செய்யப்பட்ட காலத்தில் அது திராட்சை, பேரீச்சம்பழம், தேன், கோதுமை, வாற்கோதுமை ஆகிய ஐந்திலிருந்து தயாரிக்கப்பட்டது. ஆனால் அறிவை மூடக்கூடிய அனைத்துமே 'கம்ர்' என்றார்கள். பெண்கள் தலையை மறைக்கும் துணிக்கு 'கிமார்' என்கிறோமே, அதே வேர்ச்சொல்தான். மூடுவது. எந்தக் கம்பெனி, என்ன பெயர், என்ன நிறம் என்பது கேள்வியே இல்லை. அறிவை மூடுகிறதா என்பதுதான் கேள்வி.

கணக்காகவே பார்ப்போமே! 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். கணக்குப் போட்டால் 52 மில்லி. 180 மில்லி பிராந்தி குவார்ட்டரில் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் 77 மில்லி. இரண்டு பீர் உள்ளே போனால் 104 மில்லி. ஒரு குவார்ட்டரைத் தாண்டியாகிவிட்டது! "வெறும் பீர்" என்ற பேச்சு எங்கே போயிற்று?

சில தம்பிகள் இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள்: "திராட்சை அல்லாத பானத்தில் போதை வராத அளவு குடிக்கலாம் என்று அந்தக் காலத்து கூஃபா அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்களாமே?" ஆம், அரபிக் கல்லூரியில் கிதாபில் நாங்களும் அந்தக் கருத்து வேறுபாட்டைப் படித்தோம். அதே இடத்தில் அடுத்துப் படித்தது என்ன தெரியுமா? ஹனஃபி மத்ஹபிலேயே ஃபத்வா இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் கருத்துப்படிதான்: அதிகம் குடித்தால் போதை தரும் ஒன்றில், குறைந்த அளவும் ஹராம். மற்ற மூன்று மத்ஹபுகளின் நிலையும் அதுவே. ஹதீஸும் அதையே சொல்கிறது.

ஏன் குறைந்த அளவும் கூடாது? "அளவோடு நிறுத்திக்கொள்வேன்" என்று ஒருவர் சொல்கிறார். போதும் என்று முடிவு செய்ய வேண்டியது எது? அவருடைய அறிவு. முதல் கோப்பையிலேயே மூடத் தொடங்குவது எது? அதே அறிவு. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டு, திருடன் வந்தால் எழுப்பு என்று அவனிடமே சொல்வதைப் போன்றது இது.

நம் செம்பரம்பாக்கம் ஏரியைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 24 அடி. மழைக்காலத்தில் 24 அடி நிரம்பட்டும் என்று அதிகாரிகள் காத்திருப்பதில்லை. 22 அடியை நெருங்கும்போதே மதகைத் திறந்துவிடுகிறார்கள். 2015 டிசம்பரைப் பார்த்த நமக்கு அது ஏன் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஷரீஅத் முதல் சொட்டிலேயே நிறுத்துவதும் அப்படித்தான். கரை உடைந்த பிறகு மதகைத் தேடுவதில் பயனில்லை.

குடிக்காதவரின் இருக்கை

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "பில் எப்படிக் கொடுப்பீங்க?" "சமமாப் பிரிச்சுப்போம் ஹஜ்ரத்." "கடைக்குப் போய் வாங்கிட்டு வர்றது யாரு?" கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான்தான் ஹஜ்ரத். நான் குடிக்காதவன், போலீஸ் வழியில ஊதச் சொன்னாலும் பயமில்லன்னு என்கிட்ட பைக் சாவியைக் கொடுப்பாங்க."

யோசித்துப் பாருங்கள்! அந்தக் கூட்டத்தில் மிகவும் நம்பகமான ஆள் அவர். நம்பகமானவர் என்பதாலேயே வாங்கி வரும் வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது.

மது விஷயத்தில் பத்துப் பேர் சபிக்கப்பட்டிருக்கிறார்கள் என்று ஹதீஸில் வருகிறது. குடிப்பவர் அதில் ஒருவர் மட்டுமே. பிழிபவர், பிழியச் சொல்பவர், சுமந்து வருபவர், யாருக்காகச் சுமந்து வரப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அதன் காசைச் சாப்பிடுபவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர் என்று மீதி ஒன்பது பேரும் ஒரு சொட்டுக் கூடக் குடிக்காதவர்களாக இருக்கலாம். ஒரு மனிதன் தனியாகக் குடிகாரனாவதில்லை, சுற்றி நின்று பலர் கை கொடுக்கிறார்கள் என்பது அந்த ஹதீஸைப் படித்தால் தெரியும்.

"சரி, நான் வாங்கவில்லை, காசும் தரவில்லை. சும்மா உட்கார்ந்தால்?" அல்லாஹ்வையும் மறுமையையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்று பெருமானார் (ஸல்) தடுத்திருப்பது திர்மிதியில் இருக்கிறது. உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சியில் மது அருந்திய ஒரு கூட்டம் பிடிபட்டது. "இதில் ஒருவர் நோன்பாளி, அவர் குடிக்கவில்லை" என்று சொல்லப்பட்டது. "அப்படியானால் அவரிடமிருந்தே தொடங்குங்கள்" என்று சொல்லி, பாவம் நடக்கும் சபையில் அமர்ந்திருப்பவர் அவர்களைப் போன்றவரே என்று எச்சரிக்கும் சூரத்துன் னிஸாவின் 140-வது வசனத்தை ஆதாரமாகக் காட்டினார்கள் என்று தஃப்சீர்களில் வருகிறது.

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நோன்பாளி அங்கே உட்கார்ந்ததால் என்ன நடந்தது? குடித்தவர்களின் மனசாட்சி உறுத்தினாலும், "நம்ம கூட நோன்பாளியே இருக்காரே" என்று அவரைக் காட்டி அதை அடக்கிக்கொள்வார்கள். ஒழுக்கமான ஒருவர் பக்கத்தில் இருப்பது தவறுக்கு மரியாதையைக் கொடுத்துவிடுகிறது. அந்தத் தம்பி கூல்டிரிங்ஸோடு உட்கார்ந்திருப்பதும் அப்படித்தான்.

இதோடு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உடன் வேலை செய்யும் மாற்று மதச் சகோதரர்களோடு சாப்பிடக் கூடாது, பழகக் கூடாது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். கேன்டீனில் அவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிடுங்கள். அவர்கள் வீட்டு நல்லது கெட்டதில் நில்லுங்கள். குடிப்பழக்கம் எந்த மதத்தாருக்கும் சொந்தமானது இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கடை வரிசையில் நிற்கிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தடை அந்த மனிதர்கள் மீது இல்லை; பாட்டில் திறக்கப்படும் அந்த விரிப்பின் மீது.

அவர் ஏன் போகிறார்?

நான் கேட்ட அடுத்த கேள்வி இதுதான்: "குடிக்கவும் மாட்டீங்க, பிறகு எதுக்குப் போறீங்க?" அவர் சொன்ன பதில் என்னைத் தூங்க விடவில்லை. "போகலன்னா ரூம்ல தனியா இருக்கணும் ஹஜ்ரத்."

அல்குர்ஆன் மதுவைப் பற்றிப் பேசும்போது ஒரு நேர்மை இருக்கிறது. அல்பகரா சூராவின் 219-வது வசனம், மதுவிலும் சூதாட்டத்திலும் மக்களுக்குச் சில பலன்கள் உண்டு என்பதை மறைக்கவில்லை. அவற்றின் பாவம் பலனை விடப் பெரியது என்றே சொல்கிறது. அலுப்புத் தீர்வது, கூடிச் சிரிப்பது, "நீயும் எங்க ஆளுதான்" என்று தோளில் கை விழுவது. இவைதான் அந்தப் பலன் என்று அந்தத் தம்பிக்குத் தோன்றுகிறது.

ஆனால் அல்மாயிதா சூராவின் 90, 91-வது வசனங்கள் ஷைத்தானின் நோக்கத்தை வெளிப்படுத்துகின்றன: மதுவையும் சூதாட்டத்தையும் கொண்டு உங்களுக்கிடையே பகைமையை உண்டாக்கி, இறைநினைவிலிருந்தும் தொழுகையிலிருந்தும் உங்களைத் தடுப்பதே அவன் விருப்பம். நட்புக்காக உட்காருகிறோம், அவன் அங்கே பகையை விதைக்கிறான். ட்ரீட்டில் நடந்த பேச்சுக்காக மறுநாள் லைனில் முகம் பார்க்காமல் வேலை செய்யும் நண்பர்களை அந்தத் தம்பியே எனக்குக் கணக்குச் சொன்னார். பாட்டில் இருந்தால்தான் சேர்வோம் என்கிற உறவு, பாட்டிலுக்கும் நமக்கும் உள்ள உறவே.

மதீனாவில் அந்த வசனம் இறங்கிய நாளை அனஸ் (ரலி) சொல்கிறார்கள். அபூதல்ஹா (ரலி) வீட்டில் ஒரு நண்பர் கூட்டம். அபூஉபைதா (ரலி), உபை பின் கஅப் (ரலி) போன்றோர் இருக்கிறார்கள். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் சிறுவரான அனஸ் (ரலி). நம் லைனில் புதிதாக வந்த ட்ரெய்னியிடம்தானே எல்லா எடுபிடி வேலையும் வரும்! அதுபோல. மது தடை செய்யப்பட்ட செய்தி வந்ததும் அபூதல்ஹா (ரலி) சொன்னது, எழுந்து போய் அதைக் கொட்டிவிடு என்பதே. "ஊற்றியதை முடித்துவிட்டு" என்று யாரும் சொல்லவில்லை. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. கவனியுங்கள், அந்தக் கூட்டம் உடையவில்லை! அதே நண்பர்கள் பிறகும் நண்பர்களாகவே இருந்தார்கள். ஏனென்றால் அவர்களுக்கு மஸ்ஜிதுன் நபவி இருந்தது. கூடிப் பேச, சிரிக்க, அழ ஓர் இடம் இருந்தது.

ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. முதலில் இறங்கியவை சொர்க்கம், நரகம் பற்றிப் பேசும் அத்தியாயங்கள். மக்களின் உள்ளங்கள் உறுதிப்பட்ட பிறகே சட்டங்கள் வந்தன. முதல் நாளே மதுவை விடுங்கள் என்று இறங்கியிருந்தால், விடவே மாட்டோம் என்றிருப்பார்கள் என்றார்கள். உள்ளம் போய் இளைப்பாற ஓர் இடம் தராமல், "அங்கே போகாதே" என்று மட்டும் சொன்னால் அது நிற்காது.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னவை இவை. அடுத்த ட்ரீட் வரும் வரை காத்திருக்காதீர்கள். இப்போதே உங்கள் டீம் லீடரிடம் தனியாக, சிரித்த முகத்தோடு சொல்லிவிடுங்கள்: "அண்ணே, பாட்டில் இருக்கிற இடத்துல நான் உட்கார மாட்டேன், வாங்கித் தரவும் மாட்டேன், அதுக்குக் காசும் தர மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க." ஒரு முறை சொல்வது கஷ்டம். ஒவ்வொரு மாதமும் காரணம் தேடுவது அதை விடக் கஷ்டம். அடுத்து, ட்ரீட்டை நீங்கள் முதலில் கொடுங்கள். சம்பளம் வந்ததும் லைனில் உள்ள எல்லோரையும் அறைக்குக் கூப்பிட்டு பிரியாணி போடுங்கள். உங்களோடு சேர பாட்டில் தேவையில்லை என்பதை அவர்கள் சாப்பிட்டே தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது நம் முறை

சகோதரர்களே! இதுவரை சொன்னது எளிது. இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை மஃரிபுக்கு ஒருவர் வந்தார். ஹவ்ளு பக்கத்தில் நின்றபோதே வாடை தெரிந்தது. கால் தடுமாறியது. ஜமாஅத்தில் சிலர் சத்தம் போட்டார்கள். "இது பள்ளிவாசலா, என்ன நினைச்ச?" அவர் செருப்பைக் கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போதையில் தொழுகையை நெருங்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர் பின்னால் நம்மில் ஒருவரும் போகவில்லை. மறுநாள் எங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்கவில்லை. இமாமாக நான் இருந்தேன். நானும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் உறுத்தி விசாரித்தபோது, அறையைக் காலி செய்துவிட்டார் என்றார்கள். குடித்த நிலையிலும் அவர் கால் பள்ளிவாசலைத் தேடி வந்ததே, அது என்ன சாதாரண விஷயமா? அந்தக் காலை நாம் திருப்பி அனுப்பினோம்.

நபித்தோழர்களில் அப்துல்லாஹ் என்று ஒருவர் இருந்தார். 'ஹிமார்' என்பது அவருடைய பட்டப்பெயர். பெருமானாரைச் சிரிக்க வைப்பார். மது அருந்தியதற்காகத் தண்டனையும் பெற்றிருந்தார். மீண்டும் ஒருநாள் அதே குற்றத்திற்காகக் கொண்டுவரப்பட்டார். தண்டனை நிறைவேறியது. கூட்டத்தில் ஒருவர், எத்தனை தடவைதான் இவர் கொண்டுவரப்படுவார் என்று சபித்தார். நபி (ஸல்) தடுத்தார்கள். அவரைச் சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்பதையே நான் அறிவேன் என்று அல்லாஹ்வின் மீது ஆணையிட்டுச் சொன்னார்கள். புகாரியின் இன்னொரு அறிவிப்பில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்ற கருத்து வருகிறது.

சட்டத்தை ஒரு நூல் கூடத் தளர்த்தவில்லை. அந்த மனிதரையும் கைவிடவில்லை. நாம் இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறோம். நட்பு என்ற பெயரில் விரிப்பில் போய் உட்காருகிறோம். அல்லது மார்க்கம் என்ற பெயரில் மனிதனைத் தூக்கி எறிகிறோம். விரிப்பிலிருந்து எழுந்து வாருங்கள், ஆனால் அந்த மனிதனின் கையை விடாதீர்கள். அவர் தெளிந்த பிறகு, மறுநாள், அவருடைய அறைக்குப் போங்கள். டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தால் கூட்டிப்போங்கள். நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் உடல் தாங்காமல் ஆபத்தாகலாம். அதனால் மருத்துவமனை உதவி தேவைப்படும். அதையும் சொல்லிக் கொடுங்கள். அவருடைய வீட்டில் அழும் பெண்ணுக்கு நம் வீட்டுப் பெண்கள் ஆறுதலாக இருக்கட்டும்.

ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள். இஷா முடிந்ததும் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிவிடுகிறோம். அறையில் தனியாக இருக்கும் பிள்ளை எங்கே போவான்? பத்து மணி வரை திறந்திருக்கும் கடை ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். சனிக்கிழமை இரவாவது இஷாவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசல் வராந்தா திறந்திருக்கட்டும். ஒரு கேன் டீ போதும். பயான் கூட வேண்டாம். நான் வந்து உட்காருகிறேன், பெரியவர்கள் நான்கு பேர் வாருங்கள். ஊர் விட்டு வந்த பிள்ளையிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால், அவன் அந்த விரிப்பைத் தேடிப் போகத் தேவையில்லை. அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், நாளை இரவு அவர் வருவார். அவர் வரும்போது வராந்தாவில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கும்படி வைத்துவிடாதீர்கள்.

யா அல்லாஹ்! மதுவின் தீங்கிலிருந்து எங்களையும் எங்கள் சந்ததிகளையும் காப்பாற்றுவாயாக! அதில் சிக்கியவர்களுக்கு அதிலிருந்து மீளும் வழியை இலேசாக்குவாயாக! அவர்களை நாங்கள் விரட்டியிருந்தால் எங்களை மன்னிப்பாயாக! வீடு விட்டு வந்து உழைக்கும் எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல நண்பர்களையும், எங்களுக்கு அவர்களைத் தேடிப் போகும் மனதையும் தருவாயாக! ஆமீன், ஆமீன், யாரப்பல் ஆலமீன்.